ஹயாஷிபரா மெகுமி: நடிகையா, பாடகியா? (விவாத இழை)

செந்தாழை எழுதியது:

"ரன்மா 1/2" அனிமே தொடர் 2024-இல் புதிதாக எடுக்கப்பட்டு வந்ததிலிருந்து நம் குழுவில் ஜப்பானியக் குரல் நடிகை ஹயாஷிபரா மெகுமியைப் பற்றிய பேச்சு மறுபடி களைகட்டியிருக்கிறது. மகிழ்ச்சிதான். ஆனால் பேச்சு எங்கே தொடங்கினாலும் எவாஞ்சலியன் தொடரில் அவர் குரல் கொடுத்த அயனாமி ரேயில் போய் நின்றுவிடுகிறது. அவருடைய பாடல்களைப் பற்றி யாரும் வாய் திறப்பதில்லை. அந்த மனக்குறையில்தான் இந்தத் தனி இழையைத் தொடங்குகிறேன்.

தெரியாதவர்களுக்காகச் சுருக்கமாக: 1967 மார்ச் 30 அன்று டோக்கியோவின் கிதா வட்டாரத்தில் பிறந்தவர். 1986-இல் "மேசோன் இக்கோகு" தொடரில் சிறு சிறு வேடங்களுக்குக் குரல் கொடுத்து அறிமுகமானார். 1989-இல் ரன்மாவின் பெண் வடிவம். 1995-இல் "ஸ்லேயர்ஸ்" லீனா இன்வர்ஸ், அதே ஆண்டில் அயனாமி ரே. 1997-இல் போகிமானின் முசாஷி. 1998-இல் "கவ்பாய் பீபாப்" ஃபே வேலண்டைன். 1999-இல் துப்பறியும் கோனனில் ஹைபரா ஐ. 2001-இல் "ஷாமன் கிங்" அன்னா. ஹலோ கிட்டியின் குரலும் இவர்தான். இந்தப் பட்டியல் பலருக்கு மனப்பாடம். இதற்கு இணையாக, 1991-இல் வந்த முதல் தனிப் பாடல் தொகுப்பில் தொடங்கி இன்றுவரை ஓர் இசை வாழ்க்கையும் ஓடிக்கொண்டிருக்கிறது. அதை ஏதோ உபரி வருமானம் போல ஒதுக்கிவிடுகிறோம்.

நான் சொல்ல வருவது இதுதான்: அவர் பாடியதும் நடிப்புதான். பாட்டைக் கழித்துவிட்டு அவருடைய நடிப்பை அளந்தால் பாதிதான் கிடைக்கும். மறுப்பவர்கள் வாருங்கள், பேசுவோம்.

இரவு ரயில் எழுதியது:

மறுக்கிறேன், செந்தாழை. உங்கள் ரசனையை மதிக்கிறேன், ஆனால் வரலாற்றைக் கொஞ்சம் பார்க்க வேண்டும்.

ஸ்லேயர்ஸ், எவாஞ்சலியன், "சேபர் மேரியோனெட் ஜே" ஆகியவற்றின் பின்னால் இருந்தது கிங் ரெக்கார்ட்ஸ் என்ற இசை நிறுவனம். அதன் ஸ்டார்சைல்ட் பிரிவில் ஓட்சுகி தோஷிமிச்சி என்ற தயாரிப்பாளர் இருந்தார். தொடருக்கு முதலீடு செய்பவர்களே பாடலையும் விற்றார்கள். நாயகிக்குக் குரல் கொடுப்பவரே தொடக்கப் பாடலையும் பாடினால் குறுந்தகடு இரட்டிப்பாக விற்கும். இது வணிகக் கணக்கு, அதில் தவறும் இல்லை. ஆனால் அந்தக் கணக்கில் பிறந்த பாடல்களை அயனாமி ரேயோடு ஒரே தட்டில் வைக்க எனக்கு மனம் வரவில்லை.

எவாஞ்சலியன் முதல் அத்தியாயத்தை எடுத்துக்கொள்ளுங்கள். ரேயை அழைக்கிறார் கட்டளைத் தலைவர் கெண்டோ. "சரி" என்று ஒரு சொல். மாற்று ஆள் பயன்படவில்லை, மறுபடி நீதான் என்கிறார். மீண்டும் அதே "சரி". பிறகு உடம்பெல்லாம் கட்டுப் போட்ட பெண்ணைத் தள்ளுபடுக்கையில் உருட்டிக்கொண்டு வருகிறார்கள்; வலியில் மூச்சு இழைகிறது, முனகல், அவ்வளவுதான். அத்தியாயம் முடிந்த பின் மனத்தில் நிற்பவள் அவள்தான். இரண்டு சொல்லும் நாலு மூச்சும் கொண்டு ஒரு மனுஷியை நிறுத்திவிட்டார். இதைச் செய்தவரைப் பாடகி என்று ஏன் தனியாக நிரூபிக்க வேண்டும்?

தும்பி எழுதியது:

நான் செவிலியர் படிப்பில் மூன்றாம் ஆண்டு மாணவி. இந்த விவாதத்தின் நடுவில் நுழைவதற்கு ஒரு காரணம் உண்டு. மெகுமி அவர்கள் செவிலியர் கல்லூரியில் படித்துக்கொண்டே குரல் நடிப்புப் பயிற்சியிலும் சேர்ந்து, இரண்டையும் முடித்து, செவிலியர் உரிமமும் பெற்றவர். பிறகே முழுநேரம் குரலுக்கு வந்தார்.

பகலெல்லாம் வார்டில் நின்றுவிட்டு மாலையில் இன்னொரு வகுப்புக்குப் போவது என்றால் என்ன என்று எனக்குத் தெரியும். கால் வலி ஒருபுறம் இருக்கட்டும். ஒரு நோயாளியின் அழுகை காதிலேயே நிற்கும்போது வேறொரு கதாபாத்திரத்தின் சிரிப்பைப் பயிற்சி செய்ய வேண்டும். கட்டுப் போட்ட ரேயின் அந்த மூச்சு ஏன் அவ்வளவு மெய்யாக இருக்கிறது என்று இரவு ரயில் அண்ணா எழுதியதைப் படித்தபோது எனக்கு இதுதான் தோன்றியது. விலா எலும்பு அடிபட்டவர்கள் ஆழமாக மூச்சு இழுக்க மாட்டார்கள், மேலாகச் சின்னச் சின்னதாக இழுப்பார்கள். அந்த அத்தியாயத்தில் அப்படித்தான் கேட்கிறது. அவர் படிப்பிலிருந்து எடுத்தாரா என்று நான் சொல்லவில்லை. கேட்பவளுக்கு நம்பிக்கை வருகிறது என்று சொல்கிறேன்.

பழைய வானொலி எழுதியது:

இளையவர்கள் நன்றாகப் பேசுகிறீர்கள். வேலை நிமித்தம் ஜப்பானில் சில காலம் இருந்தவன், ஒலித்துறையில் இருந்தவன் என்ற முறையில் கூடத்துக்குள் என்ன நடக்கிறது என்று கொஞ்சம் சொல்கிறேன். அது தெரியாமல் இந்த விவாதம் முன்னே போகாது.

ஜப்பானிய அனிமே ஒலிப்பதிவில் நடிகர்கள் எல்லோரும் ஒரே கூடத்தில் கூடுவது நெடுநாள் வழக்கம். எதிரே திரை, முன்னால் மூன்றோ நான்கோ மைக்குகள். நடிகர்கள் பத்துப் பதினைந்து பேர். தன் வசனம் வரும்போது எழுந்து, காலியான மைக் எதுவோ அதன் முன் போய் நின்று, பேசி, அடுத்தவருக்கு வழிவிட்டு ஓசையில்லாமல் நகர வேண்டும். கையில் பிரதி, தாளைத் திருப்பும் சத்தம் மைக்கில் ஏறக் கூடாது. சரசரக்கும் துணியும் கூடாது. படம் பெரும்பாலும் முழுமையாக வரையப்பட்டிருக்காது; பென்சில் கோட்டோவியம் ஓடும், வாய் அசையும் நேரத்துக்கு ஒரு குறி மட்டும் தெரியும். அந்தக் கோட்டுக்குள் உயிரைக் கொண்டுவர வேண்டும். 2020-க்குப் பிறகு தொற்றுக் காலத்தில் சிறு சிறு குழுக்களாகப் பிரித்துப் பதிவு செய்தார்கள். அதற்கு முந்தைய தலைமுறை முழுக்க இந்த நெரிசலில் வளர்ந்தது.

இப்போது ரன்மாவுக்கு வருகிறேன். குளிர்ந்த நீர் பட்டால் பெண், வெந்நீர் பட்டால் ஆண். ஆண் ரன்மா யாமகுச்சி கப்பேய், பெண் ரன்மா ஹயாஷிபரா. ஒரே வாக்கியத்தின் நடுவில் வாளி நீர் கொட்டும். முன்பாதி அவர் பேச, பின்பாதி இவர் பேச வேண்டும். கோபத்தின் உயரம், வேகம், எரிச்சல் எல்லாம் ஒன்றாக இருக்க வேண்டும், குரல் மட்டும் மாற வேண்டும். இரண்டு பேர் சேர்ந்து ஒரு மனிதனை நடிப்பது இது. இதற்கு வேண்டியது சுருதி ஞானம், தாளக் கணக்கு. ஆகவே இரவு ரயிலுக்கு என் பதில்: அவர் பாடத் தொடங்கியது 1991-இல் அல்ல. கப்பேயின் வாக்கியத்தை அதே சுருதியில் பிடித்து முடித்த அன்றே பாடத் தொடங்கிவிட்டார்.

ரன்மாவின் ஐந்து நடிகைகள் சேர்ந்து டோகோ என்ற பாடல் குழுவாகவும் இயங்கினார்கள்: ஹயாஷிபரா, ஹிதாகா நொரிகோ, தகயாமா மினாமி, இனோவே கிகுகோ, சகுமா ரேய். நடிகைகளாகவே பாடினார்கள், கதாபாத்திரங்களாகவே பாடினார்கள். பின்னாளில் துப்பறியும் கோனன் தொடரில் இதே தகயாமா கோனன் ஆனார், கப்பேய் கோனனின் உண்மை உருவமான ஷின்இச்சி ஆனார், ஹயாஷிபரா ஹைபரா ஆனார். கோனனும் ஹைபராவும் தனியே பேசிக்கொள்ளும் காட்சிகளில் தெரியும் அந்த நெருக்கம் 1989-லிருந்தே சேர்ந்து உழைத்தவர்களுடையது.

வடகரை எழுதியது:

பழைய வானொலி ஐயாவின் பதிவுக்கு நன்றி. ஒரு திருத்தம் போல அல்லாமல், ஒரு சேர்க்கை போல எடுத்துக்கொள்ளுங்கள்: நாயகியே பாடகியாவதை ஹயாஷிபரா தொடங்கிவைக்கவில்லை. 1982-இல் "மேக்ராஸ்" தொடரில் லின் மின்மேய்க்குக் குரல் கொடுத்த இஜிமா மரி இருக்கிறார். அங்கே கதையே ஒரு பாடகியின் கதை. பாட்டுதான் போரை முடிக்கிறது. மரி அடிப்படையில் பாடகி, இசைக்கலைஞர். நடிப்பு அவருக்கு ஒரு கட்டம்.

இன்னொரு பக்கம், மேடை. 1997-இல் ஷீனா ஹெகிரு டோக்கியோவின் நிப்பான் புடோகான் அரங்கில் தனி நிகழ்ச்சி நடத்தினார். குரல் நடிகர்களில் அதைச் செய்த முதல் ஆள். 2009-இல் மிசுகி நானா ஆண்டிறுதி கோஹாக்கு பாட்டுப் போட்டி மேடை ஏறினார், 2011-இல் டோக்கியோ டோமில் பாடினார். இன்று ஒரு புது நடிகை வந்தால் ஆடவும் பாடவும் மேடையில் கையசைக்கவும் தெரிந்திருக்க வேண்டும் என்று எதிர்பார்க்கிறார்கள்.

இந்த நிலைக்கு வித்திட்டவர் ஹயாஷிபரா என்று பலர் எழுதுகிறார்கள். 1990-களில் அனிமேஜ் இதழின் வாசகர் வாக்கெடுப்பில் ஆண்டுக்கு ஆண்டு முதலிடம் பிடித்தவர், குரல் நடிகைகளுக்கென்றே தனி இதழ்கள் பிறந்த காலத்தின் முகம். எனவே இன்றைய போக்கின் நன்மைக்கும் தீமைக்கும் அவருக்குப் பங்கு உண்டு என்பது என் கருத்து. இளம் நடிகைகள் முகத்துக்காகவும் வயதுக்காகவும் தேர்வு செய்யப்பட்டு, சில ஆண்டுகளில் கைவிடப்படுவதைப் பார்க்கும்போது வயிறு எரிகிறது.

செந்தாழை எழுதியது:

வடகரை, உங்கள் கவலை நியாயம். ஆனால் அதை அவர் தலையில் ஏற்றுவதை ஏற்க மாட்டேன். நீங்கள் சொன்ன மேடைக் கணக்கையே எடுத்துக்கொள்வோம். முதல் தொகுப்பு 1991. முதல் தனி மேடை நிகழ்ச்சி எப்போது தெரியுமா? 2017 ஜூன் 11, டோக்கியோவின் நகானோ சன்பிளாசா அரங்கில். ஐம்பது வயதில்! இடையில் கால் நூற்றாண்டு. புகழின் உச்சியில், டிக்கெட் போட்டால் ஒரே நாளில் தீர்ந்துவிடும் நிலையில் இருந்தவர், தனி மேடை ஏறவில்லை. அந்த அரங்கில் 2,222 இருக்கைகள் இருந்தன. அவருடைய புகழுக்கு அது சிறிய இடம்; அதைத்தான் தேர்ந்தெடுத்தார்.

மேடையில் இல்லாத அந்தக் காலத்தில் அவர் இருந்த இடம் வானொலி. "ஹார்ட்ஃபுல் ஸ்டேஷன்" 1991-லிருந்து 2015 வரை. "டோக்கியோ பூகி நைட்" 1992-இல் தொடங்கி முப்பது ஆண்டுகளைத் தாண்டியது. பள்ளி மாணவனாகக் கடிதம் போட்டவன் இன்று பள்ளி செல்லும் பிள்ளைக்குத் தகப்பனாக இருப்பான். முகத்தைக் காட்டாமல், குரலை மட்டும் வைத்துக்கொண்டு ஒரு கூட்டத்தை முப்பது ஆண்டு கட்டிவைத்திருக்கிறார். இன்றைய போக்கு இதற்கு நேர் எதிரானது.

இப்போது இரவு ரயிலுக்கு. நீங்கள் வணிகக் கணக்கு என்றீர்கள். 1995 என்ற ஓர் ஆண்டை மட்டும் பாருங்கள். ஏப்ரலில் ஸ்லேயர்ஸ் தொடங்குகிறது. அக்டோபர் 4 அன்று எவாஞ்சலியன் தொடங்குகிறது. லீனா வாயாடி, பெருந்தீனிக்காரி, கோபம் வந்தால் ஊரையே எரிப்பவள். ரே பேசவே தெரியாதவள். டிராகன் ஸ்லேவ் மந்திரத்தை லீனா ஓதும் காட்சியைக் கண்ணை மூடிக்கொண்டு கேளுங்கள். தாழ்ந்த சுருதியில், கோயிலில் ஓதுவது போல, அவசரமில்லாமல் தொடங்குவார். அடிக்கு அடி மூச்சின் எடை கூடும். எங்கும் மூச்சு வாங்கும் ஓசை கேட்காது. கடைசியில் மந்திரத்தின் பெயரை உரக்கக் கூவும்போதுதான் நெஞ்சு திறக்கும். இதைச் செய்ய வசனப் பயிற்சி மட்டும் போதாது. அதே மூச்சைத்தான் அடுத்த ஆண்டு "ஸ்லேயர்ஸ் நெக்ஸ்ட்" தொடக்கப் பாடலான "கிவ் எ ரீசன்" பாட்டில் கேட்கிறோம். அந்தப் பாட்டைப் பாடுவது லீனாவின் முரட்டுத்தனம் முழுக்கத் தெரிந்த ஒருத்தி. வேறு எந்தப் பெரிய பாடகியைக் கொண்டுவந்து பாடவைத்தாலும் அந்தத் திமிர் வராது.

இழைக் காப்பாளர்:

எவாஞ்சலியன் இறுதிப் படம், ரகுகோ (ஜப்பானிய மரபுக் கதைசொல்லல்) தொடர் இரண்டின் கதையையும் பேசப் போகிறவர்கள் பதிவின் மேலே எச்சரிக்கை இடுங்கள். மற்றபடி தொடருங்கள்; நல்ல விவாதம்.

இரவு ரயில் எழுதியது:

(எவாஞ்சலியன் இறுதிப் படத்தின் கதை உண்டு.)

செந்தாழை, லீனாவைப் பற்றிச் சொன்னதில் எனக்கு மாறுபாடு இல்லை. ஆனால் நீங்கள் எனக்கே ஆதாரம் கொடுக்கிறீர்கள். மந்திரம் ஓதும் அந்த நிமிடம் நடிப்பு. பாட்டு அதன் நிழல்.

ரேயைப் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். ரேக்கு உணர்ச்சி இல்லையா என்ற கேள்விக்கு, இல்லாதவள் அல்ல, இன்னும் அறியாதவள் என்று இயக்குநர் அன்னோ ஹிதேயாகி விளக்கியதாக ஹயாஷிபரா சொல்லியிருக்கிறார். இந்த வேறுபாட்டை எத்தனை நடிகர்களால் குரலில் கொண்டுவர முடியும்? உணர்ச்சி இல்லாதவளாக நடிப்பது எளிது; இயந்திரம் போலப் பேசினால் முடிந்தது. பின்னாளில் ரேயைப் பார்த்து எத்தனையோ தொடர்களில் வெளிர் முடிப் பெண்கள் வந்தார்கள், தட்டையாகப் பேசினார்கள், ஒருத்தியும் மனத்தில் நிற்கவில்லை. அறியாதவள் என்றால் ஒவ்வொரு சொல்லையும் முதல் முறை தொடுவது போல் பேச வேண்டும்.

அதன் பலன் 2021 படத்தில் கிடைத்தது. ரேயின் சாயலில் இருக்கும் அந்தப் பெண் கிராமத்துக்கு வருகிறாள். வயலில் பெண்களோடு நாற்று நடுகிறாள். காலை வணக்கம் என்றால் என்ன, நன்றி என்றால் என்ன என்று ஒவ்வொன்றாகக் கேட்டுக் கற்கிறாள். 1995-இல் "சரி" என்று மட்டும் சொன்ன அதே குரல், இருபத்தைந்து ஆண்டு கழித்து ஒரு குழந்தையைப் பார்த்து வியக்கிறது. குரலின் தடிப்பு மாறவில்லை, உயரம் மாறவில்லை. சொல்லின் ஓரம் மட்டும் இளகுகிறது. அந்தப் பகுதியில் நான் அழுதேன். எந்தப் பாட்டும் என்னை இப்படிச் செய்ததில்லை.

இன்னொன்று. அதே எவாஞ்சலியனில் நாயகன் ஷின்ஜியின் தாய் யுயியும் இவர்தான், மிசாத்தோ வீட்டுப் பெங்குவின் பென்பென்னும் இவர்தான். அந்தப் பெங்குவினின் கரகரப்பையும் ரேயின் அமைதியையும் ஒரே தொண்டையில் வைத்திருந்தார்!

தும்பி எழுதியது:

பென்பென்னும் இவரா! இதற்காகவே முதல் அத்தியாயங்களை மறுபடி பார்க்கப் போகிறேன்.

ஒரு சந்தேகம், பழைய வானொலி ஐயா. இவ்வளவு வேடம் செய்தவர்களுக்கு நல்ல வருமானம் இருக்குமா? பாட்டுப் பாடியதற்கும் வருமானத்துக்கும் தொடர்பு உண்டா?

பழைய வானொலி எழுதியது:

நல்ல கேள்வி, அம்மா. ஜப்பானில் குரல் நடிகர்களுக்குத் தரவரிசை முறை உண்டு. நடிகர் சங்கத்துக்கும் தயாரிப்புத் தரப்புக்கும் இடையிலான ஒப்பந்தப்படி நடப்பது. புதியவருக்கு அரைமணி நேர அத்தியாயம் ஒன்றுக்கு அடிப்படை ஊதியம் 15,000 யென். தரவரிசை ஏற ஏற 45,000 யென் வரை போகும்; அதற்கு மேல் தரவரிசைக்கு வெளியே தனிப் பேச்சு. மறு ஒளிபரப்பு போன்ற உரிமைகளுக்குக் கூடுதல் சேரும். இதில் கவனிக்க வேண்டியது, வசனத்தின் எண்ணிக்கைக்குக் கணக்கு இல்லை. இரண்டு முறை "சரி" என்றாலும், இருநூறு வரி கத்தினாலும் அந்த அத்தியாயத்துக்கு ஒரே தொகை. முகவர் நிறுவனத்தின் பங்கு அதிலிருந்து போகும்.

தரவரிசை ஏறினால் வேலை குறையும் அபாயமும் உண்டு. பணம் குறைவாக உள்ள தொடர்கள் மலிவான புதியவரைத் தேடும். ஆகவே பலருக்கு விளம்பரக் குரல், விளையாட்டு, வானொலி, பாட்டு எல்லாம் சேர்ந்துதான் வாழ்க்கை. இரவு ரயில் சொன்ன வணிகம் உண்மை. அந்த வணிகத்தில் நடிகைக்கும் ஒரு பிடிமானம் கிடைத்தது என்பதும் உண்மை.

ஹயாஷிபரா அந்தப் பிடிமானத்தை வைத்துச் செய்த வேலை எனக்குப் பிடிக்கும். பிறர் எழுதியதைப் பாடுவதோடு நிற்காமல், மெகுமி என்ற தனிப்பெயரில் தானே வரிகள் எழுதினார். "ஷாமன் கிங்" தொடரின் "ஓவர் சோல்", "நார்தர்ன் லைட்ஸ்" இரண்டின் வரிகளும் அவருடையவை. அதே தொடரில் அவர் அன்னா. சிரிக்காத, அதட்டுகிற, உள்ளே ஒரு பெருந்தனிமை கொண்ட பெண். அன்னாவின் வாயால் பேசியவர் அன்னாவின் உலகத்துக்குப் பாட்டும் எழுதினார். 2021-இல் தொடர் புதிதாக எடுக்கப்பட்டபோது மறுபடி அவரே அன்னா, மறுபடி அவரே தொடக்கப் பாடல். இருபது ஆண்டு இடைவெளியில் ஒரு நடிகைக்கு இந்த இரண்டு கதவும் ஒருசேரத் திறப்பது அரிது.

வடகரை எழுதியது:

ஐயா சொன்ன ஊதிய விவரத்தை இன்றைய இளம் நடிகைகளின் நிலையோடு சேர்த்துப் படியுங்கள். நான் சொன்ன வயிற்றெரிச்சல் அங்கேதான். 15,000 யென் தரவரிசையில் சில ஆண்டு வைத்துக்கொண்டு, மேடை, படப்பிடிப்பு, ஒப்பனை எல்லாம் வாங்கிக்கொண்டு, தரவரிசை ஏறும் நேரத்தில் அடுத்தவரைத் தேடுகிறார்கள். ஹயாஷிபராவுக்குக் கிடைத்த நீண்ட காலம் அவர்களுக்குக் கிடைப்பதில்லை. போகிமானில் முசாஷியாக 1997-இல் தொடங்கியவர், நாயகன் சதோஷியின் கதை முடிந்த 2023 வரை அதே முசாஷி. இடையில் 2004-இல் குழந்தை பிறந்தது. வேடத்தை வேறொருவரிடம் தூக்கிக் கொடுத்துவிடவில்லை. பேறுகால விடுப்புக்கு முன்பே அவர் வசனங்களைப் பதிவு செய்து வைத்துக்கொண்டார்கள். இந்த ஏற்பாட்டை இன்றைய தொழில் எத்தனை பேருக்குத் தருகிறது?

செந்தாழை, மேடையைப் பற்றி நீங்கள் எழுதியதை ஏற்கிறேன். அவர் முகத்தை விற்கவில்லை. ஆனால் அவர் காலத்தில் திறந்த கடை இன்று முகத்தைத்தான் விற்கிறது. அவரைக் குற்றம் சொல்லவில்லை, காலத்தைச் சொல்கிறேன்.

புதுவரவு எழுதியது:

வணக்கம். இந்தத் தளத்தில் இது என் முதல் பதிவு. கோனன் மட்டும் பார்ப்பவன். 2023-இல் வந்த கருப்பு இரும்பு நீர்மூழ்கிப் படம் வழியாகத்தான் ஹைபராவின் மேல் பற்று வந்தது. கோனன் படங்களில் ஜப்பானில் ஆயிரம் கோடி யென் வசூலைத் தாண்டிய முதல் படம் அதுதான். ஹைபராவின் குரலில் ஒரு சலிப்பு இருக்கும், கிண்டல் இருக்கும், அடியில் பயம் இருக்கும். அவர் பாடுவார் என்றே இந்த இழையில்தான் தெரிந்துகொண்டேன். எங்கே தொடங்கலாம்? அண்ணா, அக்கா யாராவது சொல்லுங்கள்.

செந்தாழை எழுதியது:

(ரகுகோ தொடரின் கதை சிறிது உண்டு.)

வாருங்கள், புதுவரவு. முதலில் "ஷோவா கென்ரோக்கு ரகுகோ ஷின்ஜூ", 2016. அதன் தொடக்கப் பாடலை எழுதி இசையமைத்தவர் ஷீனா ரிங்கோ, பாடியவர் ஹயாஷிபரா. 2017-இல் வந்த இரண்டாம் பாகத்துக்கும் இதே கூட்டணி. இந்தப் பாட்டை இரவு ரயிலும் கேட்க வேண்டும் என்று உரிமையோடு கேட்டுக்கொள்கிறேன்.

கதையில் அவர் மியோகிச்சி என்ற கெய்ஷா. இரண்டு கதைசொல்லிகளுக்கு நடுவில் நிற்பவள், ஒருவனால் கைவிடப்பட்டவள். பாட்டில் ஒலிப்பது அவள் குரல்தான். சொற்களை இழுத்து, குழைத்து, குடித்தவள் போல் வரியின் முடிவைத் தளரவிடுகிறார். ஜாஸ் வாத்தியங்கள் பின்னால் சுழல்கின்றன. நிமிடத்துக்கு நிமிடம் அழகும் ஆபத்தும் கூடுகின்றன. தொடரில் மியோகிச்சிக்குக் கிடைக்கும் வசன நேரம் குறைவு. அவள் தரப்பைச் சொல்லும் இடம் அந்தப் பாட்டு. கதையில் சொல்லப்படாத பாதியைப் பாட்டில் நடித்தார். பாட்டை விட்டுவிட்டுத் தொடரைப் பார்த்தால் மியோகிச்சி வில்லியாகத் தெரிவாள். பாட்டோடு பார்த்தால் அப்படித் தெரிய மாட்டாள்.

இன்னொரு சுவையும் உண்டு. அந்தத் தொடரில் கிகுஹிகோ இஷிதா அகிரா, சுகெரோக்கு யாமதெரா கோஇச்சி, அடுத்த தலைமுறைச் சீடன் செகி தோமோகாசு. எவாஞ்சலியனில் இவர்கள் முறையே கவோரு, காஜி, தோஜி. ரேயோடு சேர்ந்து நான்கு பேரும் இருபது ஆண்டு கழித்து ஒரே கதையில், முற்றிலும் வேறு மனிதர்களாக.

அடுத்து "பாப்ரிகா", 2006, கோன் சதோஷியின் படம். வெனிஸ் திரைப்பட விழாவின் போட்டிப் பிரிவில் இடம்பெற்றது. விறைப்பான மருத்துவர் சிபா அத்சுகோ, அவளுடைய கனவு வடிவமான துள்ளல் பெண் பாப்ரிகா, இரண்டும் இவரே. இருவரும் நேருக்கு நேர் பேசும் இடத்தைத் தவறவிடாதீர்கள். நிமிர்ந்து நிற்பவளும் ஓடித் திரிபவளும் ஒரே பெண்ணாகத் தெரிவார்கள், ஆனால் ஒருத்தியின் குரலை இன்னொருத்தி கடன் வாங்க மாட்டாள். அதன் பிறகு "ஸ்லேயர்ஸ் நெக்ஸ்ட்". எவாஞ்சலியன் கடைசியில். அதை முதலில் பார்த்தால் மற்றவற்றையெல்லாம் ரேயோடு ஒப்பிட்டே கேட்பீர்கள்.

இரவு ரயில் எழுதியது:

செந்தாழை, கேட்டேன். மியோகிச்சி பாட்டு நடிப்புதான், மறுக்க வழியில்லை. ஆனால் அது ஷீனா ரிங்கோ ஒரு நடிகைக்காகவே தைத்த உடை. 1990-களின் தொடக்கப் பாடல்கள் எல்லாவற்றுக்கும் அந்தப் பெருமையைப் பகிர்ந்து கொடுக்க மாட்டேன். "கிவ் எ ரீசன்" வேண்டுமானால் உங்களுக்கு விட்டுக்கொடுக்கிறேன். "சேபர் மேரியோனெட் ஜே" பாடல்களைப் பற்றி இன்னொரு நாள் சண்டை போடுவோம்.

பழைய வானொலி எழுதியது:

அந்தச் சண்டைக்கு நானும் வருகிறேன், அதில் அவர் குரல் கொடுத்த லைம் பக்கம் நின்று.

போகும் முன் ரன்மாவைப் பற்றி ஒன்று. செந்தாழை தொடங்கியதே அங்கேதானே. 2024 தொடரில் கப்பேய், ஹயாஷிபரா, அகானேயாக ஹிதாகா நொரிகோ என்று பழைய குரல்களே திரும்பியிருக்கிறார்கள். மூவருமே அறுபதை ஒட்டியவர்கள். வேடமோ பதினாறு வயது. கூர்ந்து கேட்டேன். உயர்ந்த கத்தல்களில் முன்பு இருந்த கீச்சு குறைந்திருக்கிறது, அடியில் கொஞ்சம் கனம் ஏறியிருக்கிறது. ஆனால் வாளி நீர் கொட்டும் அந்த நொடியில், கப்பேய் விட்ட இடத்தில் ஹயாஷிபரா பிடிக்கும் வேகம் 1989-ஐவிடச் சுத்தம். முன்பு இளமையின் ஆர்வத்தில் கொஞ்சம் முந்திக்கொண்டு பிடிப்பார். இப்போது சரியாக அந்த எழுத்தில் பிடிக்கிறார்.

புதுவரவு எழுதியது:

ரகுகோ முதல் சில அத்தியாயங்கள் பார்த்துவிட்டேன், செந்தாழை அக்கா. நீங்கள் சொல்லாவிட்டால் மியோகிச்சியும் ஹைபராவும் ஒருவர் என்று எனக்குத் தெரிந்திருக்காது. மியோகிச்சி கிகுஹிகோவிடம் பேசும்போது வாக்கியத்தின் கடைசியில் குரலைக் கொஞ்சம் தூக்கி, பதில் வருமா என்று காத்திருக்கிறாள். ஹைபரா பதிலுக்குக் காத்திருக்கவே மாட்டாள், பேசிவிட்டுத் திரும்பிக்கொள்வாள். அடுத்து பாப்ரிகா. தும்பி, நீங்களும் பார்ப்பதாக இருந்தால் இந்த இழையிலேயே எழுதுங்கள், சேர்ந்து பார்ப்போம்.